கோஸ்டர் செய்யும் முன் ஒரு கேள்வி: தண்ணீர் எங்கே போகும்?

போன இதழில் மீந்த துணிகளைப் பற்றி எழுதியபோது, டம்ளருக்கும் கோப்பைக்கும் அடியில் வைக்கும் கோஸ்டரை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழின் கைவேலைப் பக்கம் முழுவதும். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சாப்பாட்டு மேசையில் டம்ளர் வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம். வீட்டில் பழைய துணி, அட்டை, டைல்ஸ் துண்டு எல்லாமே கிடக்கின்றன. எதில் கோஸ்டர் செய்தால் மேசை தப்பும், அக்கா?
– புது மேசைக்காரி

பதில்: அந்த வளையம் எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டால் எதில் செய்வது என்பது தானாகவே புரிந்துவிடும். என் அப்பா மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடும் வேலை செய்தவர். ஒரு மேசையைப் பார்த்ததும் அவர் கண் முதலில் போவது வளையத்தின் நிறத்துக்குத்தான். "வெள்ளைன்னா காப்பாத்திடலாம், கறுப்புன்னா இழைக்கணும்" என்பார்.

வெள்ளை வளையம் மரத்தில் இல்லை, மரத்தின் மேல் இருக்கும் பாலிஷ் படலத்தில் இருக்கிறது. ஈரமோ ஆவியோ அந்தப் படலத்துக்குள் புகுந்து தங்கிவிட்டால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். கறுப்பு வளையம் என்றால் தண்ணீர் படலத்தைத் தாண்டி மரத்துக்குள்ளேயே போய்விட்டது என்று அர்த்தம். மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும், வெளியிலிருந்து வரும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

உங்களுடையது வெள்ளைதான். தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். உள்ளே சிக்கிய ஈரம் மெதுவாக வெளியேறும். மிச்சம் இருந்தால் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி ஓர் இரவு விட்டு, காலையில் துடைத்து எடுங்கள். இரண்டையுமே கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் செய்து பாருங்கள். அரக்கு பாலிஷ் போட்ட பழைய மேசை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சூட்டில் சீக்கிரம் இளகும் பாலிஷ் அது.

இனி கோஸ்டர். குளிர்ந்த டம்ளர் வெளியே வியர்ப்பது காற்றில் இருக்கும் ஈரத்தால். வெப்பம் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஐஸ் போட்ட டம்ளர் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அதனால் ஐஸ் கரைந்து, உள்ளே இருப்பது காற்றின் சூட்டை நெருங்கும்வரை மேலே நீர் படிந்துகொண்டே இருக்கும். வழிந்து அடிக்கு வரும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கோஸ்டர் செய்ய உட்காரும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

ஆக ஒரு கோஸ்டருக்கு மூன்று வேலை. மேலே வழிவதைக் குடிக்க வேண்டும். குடித்ததைக் கீழே விடக் கூடாது, சூட்டையும் விடக் கூடாது. அடிப்பாகம் மேசையைக் கீறவும் கூடாது, கறைப்படுத்தவும் கூடாது. உங்களிடம் இருப்பதில் துணியும் டைல்ஸும் இந்த வேலைக்கு வரும், செய்முறை கீழே வருகிறது. அட்டையை விட்டுவிடுங்கள். பெட்டி அட்டை ஒருமுறை நன்றாக நனைந்தால் அடுக்கு பிரிந்து தொளதொளத்துவிடும்.

கேள்வி: அக்கா, பழைய ஜீன்ஸை வட்டமாக வெட்டி இரண்டு அடுக்காகத் தைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஐஸ் ஜூஸ் வைத்தால் அடியில் மேசை ஈரமாகிறது. வெள்ளை மேசையில் நீலச் சாயமும் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?
– தையல் பழகும் கல்லூரி மாணவி

பதில்: ஜீன்ஸ் துணியைத் தேர்ந்தெடுத்தது சரிதான் தங்கச்சி. பருத்தி, தடிமன், இறுக்கமான நெசவு, எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒரு தடுப்பு. தடுப்பு இல்லாத துணிக் கோஸ்டர், கோஸ்டரே இல்லாததைவிட மோசம் என்பது என் கருத்து. கோஸ்டர் இல்லையென்றால் தண்ணீர் கண்ணில் படும், உடனே துடைத்துவிடுவோம். நனைந்த துணியோ, ஈரத்தை மணிக்கணக்கில் மேசையோடு ஒட்டவைத்து மறைத்து வைக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். நான்கு அடுக்கு. மேலே ஜீன்ஸ். அதற்குக் கீழே பழைய குளியல் துண்டிலிருந்து ஒரு துண்டு. தண்ணீரைப் பிடித்து வைக்கப்போவது இதுதான். மூன்றாவதாக, பழுதான குடையின் துணி அல்லது கிழிந்த மழைக்கோட்டின் துணி. கடைசியாக மேசையைத் தொடும் பக்கம் மென்மையான ஏதாவது ஒரு வெளிர்நிறப் பருத்தித் துணி. எல்லாவற்றையும் 11.5 செ.மீ. சதுரமாக வெட்டினால், தையலுக்கு விட்டது போக 10 செ.மீ. கிடைக்கும். வழக்கமான டம்ளர்களின் அடிப்பாகம் அதற்குள் அடங்கிவிடும்.

குடைத்துணி இன்னும் தண்ணீரைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். ஒரு கிண்ணத்தின் மேல் விரித்து, நடுவில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் வையுங்கள். அடியில் ஈரம் தெரிந்தால் அதன் பூச்சு போய்விட்டது, வேறு தேடுங்கள்.

தைக்கும் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் ஜீன்ஸையும் துண்டையும் மட்டும் சேர்த்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி கோடு கோடாக ஓட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் குடைத்துணியையும் அடித்துணியையும் சேர்த்து, ஓரத்தில் மட்டும் தைக்க வேண்டும். நான்கையும் அடுக்கி நடுவில் தையல் ஓட்டினால் ஒவ்வொரு ஊசித்துளையும் ஓர் ஓட்டை. தடுப்பு வைத்தும் பயனில்லாமல் போகும். ஒரு பக்கத்தில் திருப்புவதற்கு நான்கு விரல் இடைவெளி விட்டு, மூலைகளைக் கத்தரித்து, வெளியே புரட்டி, இடைவெளியைக் கையால் மூடுங்கள். இஸ்திரி போடும்போது சூடு குறைவாக இருக்கட்டும். குடைத்துணி பெரும்பாலும் நைலானோ பாலியஸ்டரோதான்.

சாயத்துக்கு வருகிறேன். இண்டிகோ நீலம் நூலின் உள்வரை போவதில்லை, மேலோட்டமாகத்தான் படிகிறது. ஜீன்ஸ் தேயத் தேய வெளுப்பதும், உரசினால் ஒட்டுவதும் அதனால்தான். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், இண்டிகோவுக்கு அது பலிக்காது. நன்றாக வெளுத்த முட்டிப் பகுதியையும் தொடைப் பகுதியையும் பயன்படுத்துங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் கவலை இல்லை. எப்படியும் இனி மேசையைத் தொடுவது வேறு துணிதானே.

அப்புறம், ஜீன்ஸை வெட்டியபின் தடித்த தையல் ஓரங்கள் நீளமாக மிஞ்சும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றைச் சுருட்டி, பக்கவாட்டில் ஊசி கோத்துக் கோத்து இறுக்கினால் நல்ல தடிமனான வட்டம் வரும், சூடான கோப்பைக்கு ரொம்பப் பொருத்தம். பசைத் துப்பாக்கியால் ஒட்டுவதுதான் சுலபம் என்று தோன்றும். அந்தப் பசை சூட்டில் உருகித்தானே வெளியே வருகிறது? கொதிக்கும் டீயின் அடியிலும் அது இளகத்தான் செய்யும். நூலும் ஊசியுமே போதும்.

கேள்வி: பழைய சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அப்படியே கோஸ்டராக வைக்கலாமா? சூடு பட்டால் உருகுமா?
– பாட்டுப் பிரியர்

பதில்: உருகாது. சிடி பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது, இளகுவதற்கே 140 டிகிரிக்கு மேல் வேண்டும். கோப்பைக்குள் இருக்கும் காபி 100 டிகிரியைத் தாண்டப்போவதில்லை. ஆனால் அப்படியே வைத்தால் டம்ளர் வழுக்கும், தண்ணீர் குடிக்க அங்கே எதுவும் இல்லை, நடுத்துளை வழியாக நேரே மேசைக்கு இறங்கும்.

அதை எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன், வளையாத, நனைந்து ஊறாத ஒரு நடுத்தகடு இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய கைப்பிடிக் கோப்பைகளுக்கு இந்த அளவு மிகச் சரி. நடுத்துளை 15 மி.மீ. அதன் அளவுக்கு ஒரு கெட்டித் துணி வட்டத்தை வெட்டி அடைத்து, மேலே பருத்தி நாடா ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் குழிவிழும். 16 செ.மீ. வட்டமாகத் துண்டுத் துணியை வெட்டி, ஓரத்தில் நீளத் தையல் ஓட்டி, சிடியை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி சுருங்கிப் பின்பக்கம் வந்துவிடும். பின்பக்கத்தில் குடைத்துணி வட்டம் ஒன்று, அதன்மேல் கம்பளித் துணி வட்டம் ஒன்று வைத்துச் சுற்றித் தைத்துவிடுங்கள். ஓரத்தில் சுருங்கி வரும் துண்டுத் துணி மேசையைத் தொடக் கூடாது, அதனால் இந்த இரண்டு வட்டமும் சிடியின் விளிம்புவரை வரட்டும்.

சிடியைக் கத்தரித்து, பளபளக்கும் சில்லுகளை ஒட்டி அலங்காரம் செய்யச் சொல்வார்கள். சில்லு தெறித்துக் கண்ணில் படும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, ஊசி எடுக்கும் முன் அந்தப் பெட்டியில் குடும்பப் படங்கள் பதிந்த சிடி ஏதாவது இருக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா, குளியலறை வேலை முடிந்து மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள் இருக்கின்றன. கோஸ்டராக வைத்தேன், மேலே தண்ணீர் குளம்போல் நிற்கிறது, டம்ளரை எடுத்தால் சட்டையில் சொட்டுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: டைல்ஸின் பளபளப்புப் பக்கம் தண்ணீரைக் குடிக்காது, நிற்கவைக்கும். சூடான பானத்துக்கு அது நல்ல கோஸ்டர், குளிர்ந்த பானத்துக்கு மேலே ஏதாவது சேர்க்க வேண்டும்.

திருப்பிப் பாருங்கள். சுவர் டைல்ஸாக இருந்தால் பின்பக்கத்தில் விடும் ஒரு சொட்டுத் தண்ணீர் கண்முன்னே உள்ளே இழுக்கப்படும். சுவர் டைல்ஸின் உடம்பு தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது. தரைக்குப் போடும் விட்ரிஃபைடு வகை அரை சதவீதம்கூடக் குடிக்காது. குடிக்கிற வகை என்றால், பின்பக்கத்தையே மேலே வைத்து, மேடுபள்ளம் உறுத்தாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்திப் பயன்படுத்தலாம். காபி கறை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் டம்ளருக்கு மட்டும் அதை ஒதுக்குங்கள். தேய்க்கும்போது டைல்ஸை நனைத்துக்கொண்டே தேயுங்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது.

எந்தப் பக்கம் மேலே இருந்தாலும், கீழே தக்கைத் தாளோ கம்பளித் துணியோ ஒட்டாமல் மேசையில் வைக்காதீர்கள். டைல்ஸின் வெட்டு விளிம்பு பாலிஷை ஒரே இழுப்பில் கீறிவிடும். ஒட்டுவதற்கு, கண்ணாடித் தொட்டிக்கும் கழுவுதொட்டி ஓரத்துக்கும் பூசும் சிலிகான் பசை நல்லது. தண்ணீரும் தாங்கும், சூடும் தாங்கும். பூசி ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது பளிங்குக் கல் துண்டாக இருந்தால், எலுமிச்சை ஜூஸ் டம்ளரை அதில் வைக்க வேண்டாம். புளிப்பு பளிங்கை அரிக்கும். அந்த மங்கல் வளையம் கறை அல்ல, கல்லே கரைந்த இடம். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: டம்ளரைத் தூக்கினால் கோஸ்டரும் கூடவே வருகிறது, பாதியில் டமால் என்று விழுகிறது!
– பெயர் போடாத கடிதம்

பதில்: டம்ளரின் அடிக்கும் கோஸ்டருக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உட்கார்ந்துவிட்டால், காற்று உள்ளே நுழைய வழியில்லாமல் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான, எடை குறைந்த கோஸ்டரில்தான் இது நடக்கும். பிளாஸ்டிக், வார்னிஷ் பூசிய அட்டை, சிடி எல்லாம் இந்த ரகம். மேலே துணி, கம்பளி, சணல் என்று சொரசொரப்பாக ஏதாவது ஒட்டுங்கள். காற்று புக வழி கிடைத்துவிடும். உடனடி வழி வேண்டுமானால் கொஞ்சம் தூள் உப்பைத் தூவிவிட்டு டம்ளரை வையுங்கள், வேலை செய்யும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. பத்திரிகைத் தாளைச் சுருட்டி வட்டமாக ஒட்டிக் கோஸ்டர் செய்ய ஆசைப்படுகிறான். தாங்குமா?
– ஓர் அம்மா

பதில்: செய்யட்டும், விரலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் வெள்ளைப் பசை தண்ணீரிலும் சூட்டிலும் இளகும். காகிதம் அதைவிட மோசம். நன்றாக உலர்ந்தபின் மேலே, கீழே, ஓரம் எல்லாப் பக்கமும் மெல்லிய வார்னிஷ் பலமுறை பூசினால் சாதாரணத் தண்ணீர் டம்ளரைத் தாங்கும். ஐஸ் டம்ளருக்கும் சூடான கோப்பைக்கும் அதை நம்ப வேண்டாம். வார்னிஷ் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

அவன் செய்ததைத் தினமும் பயன்படுத்த வேண்டும் என்றால் பழைய டி-சட்டையைக் கொடுங்கள். அக்குளுக்குக் கீழே இருக்கும் பகுதியை இரண்டு விரல் அகல நாடாக்களாக வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தால் நாடா தானே சுருண்டு கயிறு ஆகிவிடும். மூன்று நாடாவைப் பின்னலாகப் பின்னி, பின்னலை வட்டமாகச் சுருட்டி, பெரிய ஊசியால் அடிப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் முடிந்தது. பிள்ளைகள் பின்னுவதில் சீக்கிரம் தேர்ந்துவிடுவார்கள். பருத்திச் சட்டையாக எடுங்கள், விளையாட்டுச் சட்டை பாலியஸ்டர், தண்ணீரைச் சரியாகக் குடிக்காது. அடியில் ஒரு தடுப்புத் துணி வட்டம் வைப்பது மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் வெட்டிய மரக்கிளையை வட்ட வட்டமாக அறுத்தேன். ஒரே வாரத்தில் எல்லாமே வெடித்துவிட்டன. மரத்தில் கோளாறா?
– தோட்டம் வைத்திருப்பவர்

பதில்: மரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பச்சை மரம் உலரும்போது சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைவிட, வளையத்தைச் சுற்றிய திசையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். சுற்றளவு அவ்வளவு குறையும்போது வட்டம் என்ன செய்யும்? மையத்தை நோக்கி ஆப்புபோல் பிளந்துகொள்ளும்.

வெட்டிய கிளையை அறுக்காமல் நீளமாகவே வையுங்கள். இரண்டு முனையிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, நிழலில், காற்று போகிற இடத்தில் விடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக ஓடுவது தடைபட்டால் வெடிப்பு குறையும். அப்பா சொல்லும் கணக்கு, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு. அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. கட்டைவிரல் தடிமன் உள்ள சின்னக் கிளைகளை எடுத்து, ஒரு செ.மீ. உயரச் சில்லுகளாக அறுத்து, அவை உலர்ந்தபின் 10 செ.மீ. கம்பளி வட்டத்தின் மேல் நெருக்கமாக ஒட்டுங்கள். சின்னச் சில்லு பெரியதைப்போல் எளிதில் வெடிக்காது, வெடித்ததை மட்டும் எடுத்துப்போட்டுவிடலாம். இடையில் இருக்கும் சந்துகளில் காற்றும் போகும். எனக்கு மிகவும் பிடித்த கோஸ்டர் இது.

குறுக்கே அறுத்த மரத்தில் நாளங்கள் உறிஞ்சு குழல்களைப்போலத் திறந்திருக்கும், தண்ணீரையும் காபியையும் இழுத்துக்கொள்ளும். அதனால் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டுக்கும் எண்ணெயோ வார்னிஷோ பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும்.

ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். அப்பாவின் பட்டறையில் அந்தத் துணியைத் தண்ணீர் வாளியில் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நனைத்துப் போடுங்கள், அல்லது வெளியே ஒற்றை அடுக்காக விரித்து நன்றாகக் காயவிடுங்கள்.

கேள்வி: ரெசின் (ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) ஊற்றிப் பூக்கள் வைத்துச் செய்தேன். சூடான காபி வைத்ததும் வளையம் பதிந்துவிட்டது.
– புதிதாகக் கைவேலை தொடங்கியவர்

பதில்: கைவேலைக்குக் கிடைக்கும் சாதாரண எபாக்சி ரெசின் பலவும் 50, 60 டிகிரியிலேயே மென்மையாகத் தொடங்கும். அதைக் குளிர்ந்த டம்ளருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூக்கள் வீணாகவில்லை.

கேள்வி: கோஸ்டர் நழுவாமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி ஒட்டினேன். சில மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் மேசையில் அதே வடிவில் கறை, தேய்த்தாலும் போகவில்லை.
– கவலையோடு ஒரு வாசகர்

பதில்: உங்கள் கவலை புரிகிறது, தம்பி. ரப்பரிலும் மெத்தென்ற பிளாஸ்டிக்கிலும் அவற்றை மென்மையாக வைக்கச் சேர்த்த பொருட்கள் உண்டு. நாளாக ஆக அவை வெளியே கசிந்து மேசையின் பாலிஷுக்குள் இறங்கிவிடும், அதோடு வேதி மாற்றமும் நடக்கும். அது மேலே படிந்த அழுக்கு இல்லை என்பதால் தேய்த்துப் போகாது. அந்த இடத்தில் பாலிஷை எடுத்து மறுபடி போட வேண்டும். கண்ணாடி மேசை, கல் மேசைக்கு ரப்பர் அடி பரவாயில்லை. பாலிஷ் போட்ட மரத்துக்குத் தக்கையும் கம்பளியும்தான். பழைய யோகா பாய், மேசை விரிப்புப் பிளாஸ்டிக் இவற்றையும் நேராக மரத்தில் படவிடாதீர்கள்.

நழுவல் குறைய வேறு வழி எடை. மெல்லிய டைல்ஸ் துண்டையோ சிடி இரண்டையோ நடு அடுக்கில் வைத்தால் கோஸ்டர் இருந்த இடத்தில் இருக்கும்.

கேள்வி: மேல்நாட்டுக் கடைகளில் வட்ட அட்டைக் கோஸ்டர் கொடுக்கிறார்கள். நீங்கள் அட்டை வேண்டாம் என்கிறீர்கள். அது மட்டும் எப்படித் தாங்குகிறது?
– அடிக்கடி பயணம் செய்பவர்

பதில்: நல்ல கேள்வி. அது பெட்டி அட்டை இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஸ்புத், மரக்கூழை அச்சில் ஊற்றி உலர்த்தி வட்டத் தகடு செய்யும் முறைக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். 107 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன். பசையும் பளபளப்பும் இல்லாத, உப்பலான மரக்கூழ் என்பதால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதற்கு முன்பு கம்பளி வட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், ஈரத்தில் அழுக்கு சேரும். கூழ்த் தகடு மலிவு, நனைந்தால் எறிந்துவிடலாம். தாங்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. நாம் வீட்டில் செய்வது நாளைக்கும் வேண்டுமே.

அதற்கும் முன்பு, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மதுக் குடுவைக்குக் கீழே வெள்ளி விளிம்பு வைத்த மரத்தட்டுகள் வந்தன. அவற்றின் அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருப்பார்கள், மேசை கீறாமல் சுலபமாகத் தள்ளிவிட. அவ்வளவு ஆடம்பரமான பொருளிலும் அடிப்பாகத்தை யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: கம்பளி, கம்பளி என்று எழுதுகிறீர்களே, அது எங்கே கிடைக்கும்? தக்கையும் அப்படித்தான்.
– தொடர்ந்து படிக்கும் வாசகி

பதில்: துவைத்துச் சுருங்கிப்போன ஸ்வெட்டர் எந்த வீட்டு அலமாரியிலாவது ஒன்று இருக்கும், சொந்தக்காரர்களிடமும் கேளுங்கள். உள்ளே இருக்கும் சீட்டைப் பாருங்கள், முழுக் கம்பளியாக இருக்க வேண்டும். அக்ரிலிக் சரிப்படாது. சோப்புப் போட்டு, துணி இயந்திரத்தில் சுடுநீரில், உரசுவதற்கு ஒரு பழைய ஜீன்ஸையும் சேர்த்துத் துவையுங்கள். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். பின்னல் கண்ணுக்குத் தெரியாத அளவு இறுகும்வரை துவைக்கலாம். சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி மட்டும் இறுகாது.

இறுகிய கம்பளியை எந்த வடிவில் வெட்டினாலும் ஓரம் பிரியாது, தைக்கவே வேண்டாம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாத இழை அது. சூட்டையும் தடுக்கும், எளிதில் தீப்பிடிக்காது, மேசையைக் கீறாது. என்னிடம் ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு வட்டம், நடுவே குடைத்துணி, ஓரத்தில் தையல். தினமும் பயன்படுத்த இதைவிட நல்ல கோஸ்டரை நான் பார்த்ததில்லை.

தக்கைக்கு, குறிப்பு குத்தும் பழைய பலகையைப் பிரித்துப் பாருங்கள், மெல்லிய தக்கைத் தாள் கிடைக்கலாம். தக்கை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரிப்பார்கள். மரம் அதை மறுபடி வளர்த்துக்கொள்ளும். போர்ச்சுகலில் ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்க 9 ஆண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று அடைத்த நுண்ணறைகள் நெருக்கமாக இருப்பதால் சூட்டைத் தடுக்கும். தண்ணீரை லேசில் உள்ளே விடாது என்பதால் அடிப்பாகத்துக்குத்தான் அது பொருத்தம். பாட்டில் தக்கைகள் இருந்தால் பத்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டு, கூரான கத்தியால் வில்லைகளாக வெட்டுங்கள், நொறுங்காது.

கேள்வி: துணிக் கோஸ்டரில் வாடை வருகிறது, கறுப்புப் புள்ளி வேறு. துவைக்கலாமா?
– அலுவலகம் போகும் பெண்

பதில்: அந்தப் புள்ளி பூஞ்சை. நனைந்த கோஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் நிச்சயம் வரும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியபின் சுவரில் சாய்த்தோ கொக்கியில் மாட்டியோ இரண்டு பக்கமும் காற்றுப் பட வையுங்கள். தைக்கும்போதே ஒரு மூலையில் சின்ன நாடா வளையம் வைத்துவிட்டால் மாட்டுவது எளிது. இரண்டு ஜோடி செய்துகொண்டு மாற்றி மாற்றி வைப்பது இன்னும் நல்லது.

பருத்தியைச் சோப்புப் போட்டுத் தாராளமாகத் துவைக்கலாம், வெயிலில் காயவையுங்கள். உள்ளே குடைத்துணி இருப்பதால் முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். கம்பளியைக் குளிர்ந்த நீரில் மட்டும். தக்கை, மரம், டைல்ஸ் ஒட்டியவற்றை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கறுப்புப் புள்ளி துவைத்தும் போகாமல் வாடையும் இருந்தால் மேல் அடுக்கை மட்டும் பிரித்து மாற்றுங்கள். குடைத்துணியும் அடித்துணியும் நன்றாக இருந்தால் அவற்றையே மறுபடி வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.